படகு ஓட்டுவது பாதி வேலை... எல்லோரையும் கரை சேர்ப்பது மீதி வேலை! - ஆற்றுப் படகுப் பயிற்சியாளர் ஆவது எப்படி?

சோளிங்கர் யோக நரசிம்மர் கோயிலின் 1,305 படிகளையும் ஏறி முடித்து, மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தால் கீழே வயல்களும் ஏரிகளும் விரியும். நல்ல மழை பெய்த ஆண்டென்றால் ஒவ்வொரு ஏரியும் வெள்ளித் தட்டுபோல மின்னும். மழை பொய்த்துவிட்டால் அதே ஏரிக்குள் ஆடு மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள்.

இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்பது எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி. அதனால் அந்த விருந்தாளியின் குணம் பலருக்குத் தெரியாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, வாலாஜா அருகே உள்ள பாலாறு அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தது. லிட்டர் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு விநாடியும் சுமார் 28 லட்சம் லிட்டர்! பல ஆண்டுகளாக மணலாகவே பார்த்துப் பழகிய ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போவதைப் பார்க்க, பாலங்களில் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடினார்கள். கையில் செல்போன் இருந்தது. யாராவது தவறி விழுந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு வேலையே இருக்கிறது. ஆற்றுப் படகுப் பயிற்சியாளர். ஆங்கிலத்தில் கேனோ இன்ஸ்ட்ரக்டர். பொழுதுபோக்குக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், இதற்கான பயிற்சியில் படகு ஓட்டுவது பாதிதான். மீதிப் பாதி முழுக்க, தண்ணீரில் இறங்கிய எல்லோரையும் உயிரோடு திரும்பக் கூட்டி வருவது எப்படி என்பதுதான்.

கேனோ வேறு... கயாக் வேறு!

முதலில் ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கேனோ என்பது மேல்பக்கம் திறந்த, நீண்டு ஒடுங்கிய படகு. அதில் மண்டியிட்டோ, பலகையில் உட்கார்ந்தோ, ஒரு பக்கம் மட்டும் அலகு உள்ள துடுப்பால் தள்ள வேண்டும். கயாக்கில் கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகு உள்ள துடுப்பைப் பயன்படுத்துவார்கள். கோவாவிலோ கேரளாவிலோ சுற்றுலாவுக்குப் போய், 'கேனோ ஓட்டினேன்' என்று ஸ்டேட்டஸ் போட்டவர்களில் பலர் உண்மையில் ஓட்டியது கயாக்தான்.

'கேனோ' என்ற சொல் கரீபியன் தீவுகளின் பழங்குடி மக்களிடமிருந்து கொலம்பஸ் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போனது. நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனதுபோல! 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலிருந்து கேனோவும் கயாக்கும் பதக்கப் போட்டிகளாக இருக்கின்றன. இந்தியாவுக்கு 1985-ல் இந்திய கயாக்கிங் மற்றும் கேனோயிங் சங்கம் வந்தது. சீனாவின் ஹாங்சோ நகரில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருவர் ஓட்டும் 1,000 மீட்டர் கேனோ பந்தயத்தில் அர்ஜுன் சிங் - சுனில் சிங் சலாம் ஜோடி வெண்கலம் வென்றது. 1994-க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான விஷயமும் இல்லை. ஒகேனக்கல் பரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூடை அது. இப்போது அடியில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டித் தார் பூசுகிறார்கள். ஒரு காலத்தில் அங்கே போர்த்தப்பட்டது மாட்டுத் தோல்! தோலை நம்பிப் பிழைக்கும் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிக்கு இது கொஞ்சம் நெருக்கமான செய்திதான். முன்னும் பின்னும் இல்லாத அந்த வட்டப் பரிசலை, ஒற்றைத் துடுப்பால் பாறைகளுக்கு நடுவே கொண்டுபோகும் பரிசல் ஓட்டிகளின் கைப்பழக்கம் எந்த வெளிநாட்டுச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல.

அப்படியானால், சான்றிதழ் எதற்கு? அதற்கு ஒரு சோகக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு மாணவர்கள்... ஒரு சட்டம்!

1993 மார்ச் 22. இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் லைம் விரிகுடா. பிளிமத் நகரப் பள்ளி ஒன்றிலிருந்து சாகசச் சுற்றுலா வந்த எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்சியாளர்கள் என மொத்தம் 11 பேர் கயாக்குகளில் கிளம்பினார்கள். லைம் ரீஜிஸ் என்ற ஊரிலிருந்து பக்கத்து ஊரான சார்மத் வரை, கரையோரமாகவே போய்ச் சேர வேண்டிய குறுகிய பயணம்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. ஒரு பயிற்சியாளர் அவருக்கு உதவ நின்றுவிட்டார். மற்றவர் எட்டு மாணவர்களோடு இருந்தார். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. இரண்டு குழுக்களும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாத தூரத்துக்கு விலகிப் போயின. மாணவர்களின் படகுகளில் அலை ஏறித் தண்ணீர் நிரம்பியது. உதவி கேட்க வாக்கி டாக்கியும் இல்லை. வானில் சுடும் எச்சரிக்கை வெளிச்சமும் இல்லை. குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் மிதந்த பிறகே மீட்புக் குழு வந்தது. நான்கு மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்தவை இன்னும் அதிர்ச்சி. அந்த இரண்டு பயிற்சியாளர்களுமே கயாக்கில் ஆரம்ப நிலையைத் தாண்டாதவர்கள். அதே மையத்தில் முன்பு வேலை பார்த்த இரண்டு பயிற்சியாளர்கள், 'இங்கே பாதுகாப்பு போதாது' என்று நிர்வாகத்துக்கு முந்தைய ஆண்டே கடிதம் எழுதிவிட்டு வேலையை விட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. 1994-ல் நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. இயக்குநர் சிறைக்குப் போனார். 1995-ல், சிறுவர்களுக்கான சாகச மையங்கள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது.

படகு ஓட்டத் தெரிந்த எல்லோரும் பயிற்சியாளர் அல்ல என்பதை உலகம் இப்படித்தான் கற்றுக்கொண்டது. பரிசல் ஓட்டி தன் ஆற்றைத் தெரிந்தவர். பயிற்சியாளர், தன் பின்னால் வரும் ஐந்தாறு பேரின் பயத்தையும் அசட்டுத் துணிச்சலையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்.

முதல் பாடம்: கவிழக் கற்றுக்கொள்!

சோளிங்கரில் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவரோ, மாணவியோ இந்தப் பயிற்சிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். முதல் நாளே துடுப்பைக் கையில் கொடுத்துவிடுவார்களா? கொடுப்பார்கள். ஆனால், கொஞ்ச நேரத்தில் 'படகைக் கவிழ்' என்பார்கள்.

காரணம் இருக்கிறது. ஆற்றுப் படகு என்றாவது ஒருநாள் கவிழ்ந்தே தீரும். அப்போது பதறாமல் வெளியே வருவது, துடுப்பை விடாமல் பிடிப்பது, படகைத் தனக்கு முன்னால், அதாவது ஆறு ஓடும் பக்கத்தில் விட்டுவிட்டுத் தான் பின்னால் வருவது... இவை உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய படகின் எடை பல நூறு கிலோ. ஆளுக்குப் பின்னால் அது வந்தால், முன்னால் இருக்கும் பாறையோடு சேர்த்து ஆளை நசுக்கிவிடும்.

அடுத்தது, ஓடும் தண்ணீரில் நீந்தும் விதம். கிணற்று நீச்சல் தெரிந்தவர்கள் செய்யும் முதல் தவறு, தரை தட்டியதும் எழுந்து நிற்க முயல்வது. முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் எழுந்து நின்றால், பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அழுத்தும். ஆழம் இடுப்பளவுதான் இருக்கும். ஆனால், தலையைத் தூக்க முடியாது. அதனால் மல்லாந்து மிதந்து, கால்களை ஆறு ஓடும் திசையில் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்துக்குத் தூக்கி வைக்கச் சொல்கிறார்கள். பாறை வந்தால் முதலில் காலால் தாங்கலாம்.

தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நம் மேல் தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். நேற்று நடந்து கடந்த இடத்தை இன்று கடக்க முடியாமல் போவதன் ரகசியம் இதுதான்.

ஆற்றைப் படிப்பது எப்படி?

துடுப்புப் பாடங்கள் பிறகு வரும். நேராகத் தள்ளுவது, பின்னோக்கித் தள்ளுவது, பக்கவாட்டில் இழுப்பது, அகல வீசித் திருப்புவது. ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் படகு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும் அல்லவா? அதைத் தடுக்க, ஒவ்வொரு தள்ளலின் முடிவிலும் துடுப்பை லேசாக வெளிப்பக்கம் திருப்பி விட வேண்டும். அந்த அசைவு ஆங்கில 'ஜே' எழுத்துபோல இருப்பதால் அதற்கு 'ஜே ஸ்ட்ரோக்' என்றே பெயர். இது கை வர நாள் பிடிக்கும்.

அதைவிட நாள் பிடிப்பது ஆற்றைப் படிப்பது. நீர்ப்பரப்பில் ஆற்றின் போக்கிலேயே கூரான 'V' வடிவம் தெரிந்தால், அது இரண்டு பாறைகளுக்கு நடுவே போகும் வழி. எதிர்ப்பக்கம் கூராகத் தெரிந்தால், அந்த முனையில் பாறை ஒளிந்திருக்கிறது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி அமைதியாகச் சுற்றும் இடம், படகை நிறுத்தி மூச்சு வாங்க வசதியான இடம். ஆறுகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று என்றால் லேசான ஓட்டம். ஆறு என்றால் உயிருக்கே உத்தரவாதம் இல்லாதது. ஒரு பயிற்சியாளர் எந்தத் தரம் வரை கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர் சான்றிதழிலேயே வரையறுக்கப்பட்டிருக்கும்.

இந்தப் பாடத்தில் வரும் மூன்று ஆபத்துகள், நம் பகுதி ஆறுகளுக்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

முதலாவது, மரக்கிளை. தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும். ஆள் போக முடியாது. டீ வடிகட்டியில் தூள் தங்குவதுபோல மனிதர் சிக்கிக்கொள்வார். பாலாற்றுப் படுகையில் வளர்ந்து கிடக்கும் சீமைக்கருவேல மரங்கள், வெள்ளம் வரும்போது இப்படித்தான் வடிகட்டிகளாக மாறுகின்றன.

இரண்டாவது, பள்ளம். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் மறைந்துவிடும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்துக்குப் போய்விடுவார்.

மூன்றாவது, தடுப்பணை. பார்க்க அழகாக, சின்ன அருவிபோல இருக்கும். ஆனால், சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் அடிவரை போய், மேலே எழும்பி, மறுபடியும் சுவரை நோக்கியே திரும்பும். அந்தச் சுழற்சியில் விழுந்த மரக்கட்டைகூட மணிக்கணக்கில் அங்கேயே சுற்றும். இதற்கு வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர், 'மூழ்கடிக்கும் இயந்திரம்'. அணைச் சுவரைக் கண்டால் படகைக் கரைக்கு ஏற்றித் தூக்கிக்கொண்டு நட என்பதுதான் பாடம். இதில் வீரத்துக்கு இடமில்லை.

காப்பாற்றப் போனவர்களும் போய்விடும் கொடுமை

2022 ஜூன் 5. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே, கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன ஏழு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் சிறுமிகளும் இளம்பெண்களும்தான். முதலில் ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற முயன்று, மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சிக்கிக்கொண்டதாகச் செய்திகள் சொல்லின. பாசம்தான் அவர்களைத் தண்ணீருக்குள் இழுத்தது.

பயிற்சியாளர் படிப்பின் மையமே இந்த இடம்தான். மீட்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குரல் கொடு. அவரே நீந்தி வர வழி சொல். அடுத்து எட்டிக் கொடு. கம்போ, துடுப்போ, வேட்டியோ, சேலையோ. அதற்கும் எட்டாவிட்டால் எறி. கயிறு, காலி பிளாஸ்டிக் குடம், மூடிய கேன், எது மிதக்குமோ அது. அதுவும் முடியாவிட்டால் படகில் போ. நீந்திப் போவது கடைசி. அதுவும் பயிற்சி பெற்றவர் மட்டும். இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழக்குகிறார்கள்.

பயிற்சியாளரின் இடுப்பில் எப்போதும் ஒரு சின்னப் பை தொங்கும். அதற்குள் மிதக்கும் கயிறு, சுமார் 15 முதல் 20 மீட்டர் நீளம். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பையை வீசினால், கயிறு பிரிந்தபடி போய் விழும். கேட்க எளிது. ஓடும் ஆற்றில், மிதந்து வருபவரின் கைக்கு எட்டும்படி, ஒரே வீச்சில் போட வேண்டும். தவறினால் கயிற்றைச் சுருட்டி மறுபடி வீசுவதற்குள் ஆள் கடந்து போயிருப்பார். அதனால் நாள்தோறும் கரையில் நின்று வீசிப் பழகுகிறார்கள்.

இன்னொரு மீட்பு, கவிழ்ந்த படகைத் தன் படகின் மேல் குறுக்காக இழுத்துப்போட்டுத் தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, விழுந்தவரை மறுபடி அதில் ஏற்றுவது. இதையெல்லாம் செய்யும்போது மற்ற மாணவர்களை யார் பார்ப்பது? லைம் விரிகுடாவில் எழுந்த அதே கேள்வி! ஆற்றில் குழுவை நடத்துபவர்களுக்கு நான்கு விதிகள் சொல்லித் தருகிறார்கள். சைகையும் விசிலும் எல்லோருக்கும் புரிந்திருக்க வேண்டும். எல்லோரும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆபத்தை வென்று காட்டுவதைவிட, தவிர்ப்பது மேல். எந்த இடத்தில் இருந்தால் அதிகம் உதவ முடியுமோ, அங்கேதான் பயிற்சியாளர் இருக்க வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

இந்தியாவில் இதற்கு நல்ல தொடக்கம், கோவாவில் பணாஜி அருகே உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1990-ல் தொடங்கப்பட்டது. உயிர்காப்பு, விசைப்படகு இயக்குதல் போன்ற குறுகிய காலப் பயிற்சிகள் இங்கே நடக்கின்றன. சுற்றுலாத் தலங்களில் நீர் விளையாட்டுப் பணிக்குப் போக விரும்புபவர்களுக்கு இந்தச் சான்றிதழ்கள் உதவும்.

போட்டி விளையாட்டில் ஆர்வம் என்றால், பக்கத்து மாநிலமான கேரளாவின் ஆலப்புழாவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டு மையம் இருக்கிறது. பயிற்சியாளர் படிப்புக்கு பஞ்சாபின் பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் இருக்கிறது.

காட்டாற்று வெள்ளத்தில் படகு ஓட்டுவதை நேரில் பார்க்க வேண்டுமா? கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி பக்கம் இருவஞ்சிப்புழா, சாலிப்புழா ஆறுகளில் பருவமழைக் காலத்தில் மலபார் நதித் திருவிழா நடக்கிறது. 2013-ல் தொடங்கிய இதற்கு வெளிநாட்டு வீரர்களும் வருகிறார்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் நேராகக் கோழிக்கோட்டில் இறங்கலாம்.

உலக அளவில் மதிக்கப்படும் சான்றிதழ்களில் ஒன்று, 1880-ல் தொடங்கிய அமெரிக்கன் கேனோ அசோசியேஷன் தருவது. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். முதலுதவியும் இதய இயக்க மீட்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். முதலில் பயிலரங்கு, பிறகு தேர்வு. அந்தத் தேர்வில், சக மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எவ்வளவு அழகாகத் துடுப்புப் போட்டாலும், பயந்து போன ஒருவருக்குப் புரியும்படி சொல்லிக்கொடுக்கத் தெரியாவிட்டால் சான்றிதழ் இல்லை. கிடைத்த சான்றிதழும் நான்கு ஆண்டுகளுக்குத்தான். இடையில் வகுப்புகள் எடுத்திருக்க வேண்டும். புத்தாக்கப் பயிற்சிக்கும் போக வேண்டும்.

'இதுல சம்பளம் என்ன வரும்?' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இது சீசன் தொழில். மழையையும் விடுமுறையையும் பொறுத்துத்தான் வருமானம். அதனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் உயிர்காப்பாளர், ராஃப்டிங் வழிகாட்டி, பள்ளி முகாம் ஒருங்கிணைப்பாளர், ரிசார்ட் பணி என இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்தே பார்க்கிறார்கள். கடிதத்தில் நிரந்தர வேலை என்று பார்த்துச் சேர விரும்புபவர்களுக்கு இது சரிவராது. அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

தண்ணீரே இல்லாத ஊரில் எதற்கு?

பாலாறு கர்நாடகாவின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திராவைத் தொட்டு, தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர் பயணித்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். இருக்கும் தண்ணீரின் கதையோ இன்னும் வேதனை. தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் இந்த ஆறும் நிலத்தடி நீரும் கெட்டுப்போனது குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. கிட்டத்தட்ட 29 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. கவிழ்ந்து எழும்போது ஒரு வாய் தண்ணீர் உள்ளே போவது படகுப் பயிற்சியில் சகஜம். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். ஆறு சுத்தமாக இல்லாமல் ஆற்று விளையாட்டு இல்லை.

ஆனாலும் இந்தத் திறமை இங்கே தேவை. ஏனென்றால், தண்ணீர் வராத ஆறு என்று ஒன்று கிடையாது. 1903 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியில் 200-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அவர்கள் நினைவாக அங்கே தூண் எழுப்பியிருக்கிறார்கள். 118 ஆண்டுகள் கழித்து 2021-ல் மறுபடி பெருவெள்ளம். பொன்னையாற்று நீர் வரும் சோளிங்கர் ஏரியானாலும், மாவட்டத்தின் பெரிய ஏரியான காவேரிப்பாக்கமானாலும், நிரம்பிய வாரத்தில்தான் கூட்டம் வரும், ஆபத்தும் வரும்.

சோளிங்கருக்குப் பக்கத்திலேயே, அரக்கோணத்தில், தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருக்கிறது. நாட்டின் எந்த வெள்ளத்துக்கும் ரப்பர் படகுகளோடு கிளம்பும் படை. ஆனால், ஏரியில் மூழ்குபவருக்கு இருப்பது சில நிமிடங்கள். எவ்வளவு வேகமான படையும் அதற்குள் வர முடியாது. அந்த நிமிடங்களில் கரையில் நிற்பவர்தான் மீட்புப் படை. இந்தியாவில் நீரில் மூழ்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 38 ஆயிரத்துக்கும் மேல் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கு.

குடும்பத்தோடு படகில் ஏறும் முன்...

பழவேற்காடு ஏரியில் 2011 கிறிஸ்துமஸ் நாளில் 22 பேர், கேரளாவின் தானூரில் 2023 மே மாதம் 22 பேர், வதோதரா ஏரியில் 2024 ஜனவரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும்... இவர்கள் எல்லோரும் சந்தோஷமாகப் பொழுதுபோக்கப் படகேறியவர்கள். அதனால், எங்கே படகேறினாலும் இந்த ஐந்தைப் பாருங்கள்.

1. குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? மடியில் வைத்துக்கொள்வதற்கல்ல, எல்லா கிளிப்பையும் மாட்டிப் போட்டுக்கொள்வதற்கு. தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் காதுவரை ஏறக் கூடாது.

2. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா? 'இன்னும் ரெண்டு பேர்தானே' என்றால் இறங்கிவிடுங்கள்.

3. கரையில் ஒருவராவது மீட்புக் கயிற்றோடும் இன்னொரு படகோடும் தயாராக இருக்கிறாரா?

4. கிளம்பும் முன், கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களா? சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

5. செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்காதீர்கள். படகில் உட்கார்ந்தே படம் எடுக்கலாம்.

பயிற்சியாளர் ஆகப் போகிறவர்கள் நூற்றில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால், குரல் கொடு, எட்டிக் கொடு, எறி என்ற மூன்றையும் வீட்டில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் இன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம். அதற்குச் சான்றிதழ் வேண்டாம். பத்து நிமிடம் போதும்.

அடுத்த நல்ல மழையில் சோளிங்கர் ஏரி நிரம்பும். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு வரும். அந்தக் கூட்டத்தில் கையில் செல்போனோடு நூறு பேர் நிற்கட்டும். கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தவர் ஒருவராவது இருக்கட்டும்.